வெதுவெதுப்பான கடலுக்கு எதற்குக் குளிர்நீர் ரெகுலேட்டர்?

கோலாலம்பூரில் வசித்துக்கொண்டு ஸ்கூபா முக்குளிப்பில் ஈடுபடுகிறவர்களின் ஆண்டுக் கணக்கு பருவக்காற்றைப் பார்த்தே தொடங்குகிறது. மார்ச் முதல் அக்டோபர் வரை கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் தீவுகள். வடகிழக்குப் பருவக்காற்று எழுந்து அங்குள்ள தங்குவிடுதிகள் கதவடைத்த பிறகு சபாவின் செம்போர்னா, அங்கிருந்து சிப்பாடான். கையில் பணமும் விடுப்பும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தால் பாலி, மாலத்தீவு, செங்கடல். மலேசியக் கடலில் நீரின் வெப்பம் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை செல்சியஸுக்குள்ளேயே நிற்கும். அப்படியிருந்தும், சொந்தமாக ரெகுலேட்டர் (முதுகில் சுமக்கும் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்கு இறக்கித் தரும் கருவி) வாங்கப் புறப்படும் ஒருவரின் முன்னால் கடையில் முதலில் எடுத்து வைக்கப்படுவது பலமுறை "குளிர்நீருக்கு ஏற்றது" என்று முத்திரையிட்ட, விலை கூடிய வகையாகவே இருக்கிறது.

நண்பர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பத்துமலை அடிவாரத்தில் கம்பளிப் போர்வை விற்கிற கதை என்பார்கள். கடைக்காரரோ, "என்றைக்காவது ஐஸ்லாந்து போனால் தேவைப்படும், அண்ணே" என்பார். இந்த வழக்கில் நண்பர்களின் காரணம் சரி, ஆனால் அவர்கள் வந்து சேரும் முடிவு தவறு. கடைக்காரரின் காரணம் தவறு, ஆனால் அவருடைய முடிவு சரி என்பதே என் கருத்து. அது ஏன் என்று விளக்க, ரெகுலேட்டருக்குள் குளிர் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதுகில் சுமக்கும் தோம்பில், அதாவது சிலிண்டரில், காற்று ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் (கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார்) அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நுரையீரலுக்கு வேண்டியதோ சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான காற்று. 10 மீட்டரில் 2 பார், 30 மீட்டரில் 4 பார். இந்தப் பெரிய இடைவெளியை ரெகுலேட்டர் இரண்டு படிகளில் கடக்கிறது. தோம்பின் வால்வில் பூட்டப்படும் உலோகப் பகுதியான முதல் நிலை, காற்றின் அழுத்தத்தைச் சுற்று நீரைவிட 9 அல்லது 10 பார் கூடுதலான ஓர் இடை அழுத்தத்துக்குக் குறைக்கிறது. வாயில் கவ்விக்கொள்ளும் இரண்டாம் நிலை, மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, அந்த இடை அழுத்தத்தைச் சுற்று நீரின் அளவுக்கு இறக்கித் தருகிறது. மூச்சின் தேவைக்கு மட்டும் திறக்கும் இந்த ஏற்பாட்டை 1943இல் பிரான்சில் எமில் கான்யானும் ழாக் கூஸ்தோவும் இன்றைய முக்குளிப்புக்கு ஏற்ற வடிவில் கொண்டுவந்தார்கள். பொறியாளரான கான்யான் அதற்கு முன் செய்து வைத்திருந்தது, போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் எரிவாயுவைக் கொண்டு ஓடிய கார்களுக்கான வால்வு. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களின் வழியில் வந்த நமக்கு, கடலடியில் நிதானமாக மூச்சுவிடக் கற்றுத்தந்தது ஒரு காரின் உதிரிப்பாகம் என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

அடைபட்ட காற்று சட்டென்று விரியும்போது குளிர்கிறது. சமையல் எரிவாயுத் தோம்பை வேகமாகப் பயன்படுத்தும்போது அதன் உடல் வியர்த்துச் சில்லென்று ஆவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கு திரவம் ஆவியாவதால் குளிர்கிறது, இங்கு காற்று விரிவதால் குளிர்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. முதல் நிலைக்குள் 200 பாரிலிருந்து ஒரே பாய்ச்சலில் இறங்கும் காற்று, நீர் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தாலும், குளிர்ந்துதான் வெளிவருகிறது. ரெடாங்கின் 29 பாகை நீரில் அந்தக் குளிரை உலோகத்தின் வழியே நீர் உடனுக்குடன் ஈடுகட்டிவிடுவதால் யாரும் அதை உணர்வதில்லை. நீரே 4 பாகையில் இருந்தால் ஈடுகட்ட அதனிடம் வெப்பம் போதாது. முதல் நிலையின் உலோகம் உறைநிலைக்குக் கீழே இறங்க, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் பனிக்கட்டியாகிறது. ஆழம் கூடக்கூட ஒவ்வொரு மூச்சுக்கும் செலவாகும் காற்று கூடுவதால், 30 மீட்டரில் இந்தக் குளிர்ச்சி மேற்பரப்பை விடப் பல மடங்கு வேகமாக நடக்கிறது.

பனிக்கட்டி எங்கே உருவாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் நிலையின் அசையும் உறுப்பைப் பனி பிடித்து நிறுத்திவிட்டால் வால்வு முழுமையாக மூடாமல் நின்றுவிடும். இடை அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த மிகை அழுத்தத்தைத் தாங்காமல் இரண்டாம் நிலை தானாகத் திறந்து காற்றைக் கொட்டத் தொடங்கும். முக்குளிப்பாளர்கள் இதை ஃப்ரீ ஃப்ளோ என்கிறார்கள். ரெகுலேட்டர் பழுதானால் காற்றை நிறுத்திவிடாமல் கொட்டுகிற பக்கமே சாய வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களின் நல்லெண்ணம். ஆனால் குளிர்நீரில் அந்த நல்லெண்ணமே வலையாகிவிடுகிறது: காற்று கொட்டக்கொட்டக் குளிர் கூடுகிறது, குளிர் கூடக்கூடப் பனி இறுகுகிறது, பனி இறுக இறுகக் காற்று இன்னும் வேகமாகக் கொட்டுகிறது. இந்தச் சுழற்சி தொடங்கினால், தோம்பின் வால்வை மூடி உலோகத்தைச் சூடேற விடுவதைத் தவிர நிறுத்த வழியில்லை. முழுத் தோம்பும் சில நிமிடங்களில் காலியாகிவிடும். குளிர்நாட்டு முக்குளிப்பாளர்கள் ஒரே தோம்பில் இரண்டு வால்வுகளும் இரண்டு தனித்தனி முதல் நிலைகளும் வைத்துக்கொள்வதன் பொருள் இதுதான்: ஒன்றை மூடிவிட்டு மற்றதில் மூச்சுவிட வேண்டும்.

இனி, முதல் நிலையின் இரு குடும்பங்கள். பிஸ்டன் வகையில் ஒரே ஓர் உலோகத் தண்டு மேலும் கீழும் அசைந்து காற்றுவழியைத் திறந்து மூடுகிறது. சுற்று நீரின் அழுத்தத்தை உணர்வதற்காக அந்தத் தண்டையும் அதன் சுருள்வில்லையும் நீர் நேரடியாகச் சூழ்ந்திருக்கும்படி உடலில் துளைகள் விடப்பட்டிருக்கும். உறுப்புகள் குறைவு, காற்றோட்டம் தாராளம். டயாபிரம் வகையில் தடித்த ரப்பர் சவ்வு ஒன்று நீருக்கும் உள்ளுறுப்புகளுக்கும் இடையே சுவராக நிற்கிறது. சவ்வின் அசைவு உள்ளே இருக்கும் வால்வைத் தள்ளுகிறது. உறுப்புகள் கூடுதல், பழுதுபார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆனால் நீர் தொடுவது சவ்வின் வெளிப்பக்கத்தையும் அங்குள்ள பெரிய சுருள்வில்லையும் மட்டுமே. அந்தச் சுருள்வில்லின் அறையையும் இன்னொரு மெல்லிய சவ்வால் மூடிவிட்டால், நீர் எந்த அசையும் உறுப்பையும் தொடாது. நீர் நுழையாத இடத்தில் பனிக்கட்டிக்கும் வேலையில்லை. இப்படி முழுக்க மூடிய டயாபிரம் முதல் நிலையைத்தான் கடைக்காரர் "குளிர்நீர் ரெகுலேட்டர்" என்கிறார். ரெகுலேட்டர் நிறுவனங்களில் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் தொடங்கிய ஏபெக்ஸும் ஸ்வீடனின் போசைடனும் குளிர்நீர்ப் பெயர் பெற்றவை; சொந்த நாட்டுக் குளிரைப் பார்த்தால் அதில் ஆச்சரியமில்லை. ஸ்கூபாபுரோ நிறுவனத்தின் பட்டியலில் எம்.கே.17 இந்த வகை, எம்.கே.25 பிஸ்டன் வகை. பிஸ்டனைக் குளிருக்குத் தயார்ப்படுத்த உலோகத் துடுப்புகளும் வெப்பத்தடுப்புப் பூச்சும் பயன்படுத்துகிறார்கள், அவை ஓரளவு பயனும் தருகின்றன. என்றாலும் நீர் உள்ளே இருக்கிறது என்ற அடிப்படை மாறுவதில்லை.

எது குளிர்நீர் என்பதற்கு ஓர் எழுதப்பட்ட கோடு உண்டு. ஐரோப்பாவின் இ.என். 250 என்னும் தரவிதி 10 பாகைக்குக் குறைந்த நீரைக் குளிர்நீர் என வரையறுக்கிறது. 50 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் என்னும் கடுமையான மூச்சு வேகத்தில் ரெகுலேட்டர்களைச் சோதிக்கும் அந்த விதி, குளிர்நீருக்கானவற்றை 4 பாகை நீரில் சோதிக்கச் சொல்கிறது. அந்தச் சோதனைக்கு உட்படாத ரெகுலேட்டரின் உடலில் "10 பாகைக்கு மேல்" என்ற குறிப்பு பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். கடையில் பெட்டியின் மீதுள்ள விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு இந்தப் பொறிப்பைத் தேடிப் பார்ப்பது நல்லது. எழுத்து சிறியது, கைப்பேசியின் விளக்கைப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

இந்த 10 பாகைக் கோட்டை வைத்துக்கொண்டு, நம்மவர்கள் உண்மையில் போகும் "குளிர்ந்த" இடங்களைப் பார்க்கலாம். பாலிக்கு அருகே நூசா பெனிடாவில் ஜூலை முதல் அக்டோபர் வரை ஆழத்திலிருந்து மேலெழும் நீரோட்டம், மோலா மோலா என்னும் பெரிய சூரியமீன்களையும் 20 பாகைக்குக் கீழான நீரையும் சேர்த்தே கொண்டுவருகிறது. தியோமானின் வெதுவெதுப்புக்குப் பழகிய உடம்புக்கு அது ஐஸ் தண்ணீர். கொமோடோவின் தெற்குப் பகுதியிலும் இதே அனுபவம்தான். செங்கடல் குளிர்காலத்தில் 21, 22 பாகை. நியூசிலாந்தின் புவர் நைட்ஸ் தீவுகளில் குளிர்காலத்து நீர் ஏறத்தாழ 14, 15 பாகை. கேப் டவுனின் கடற்பாசிக் காடுகளில் 12, 13க்கு இறங்கும். சில நாட்களில் 10 பாகைக் கோட்டையே தொட்டுவிடும். இந்தப் பட்டியலில் கேப் டவுன் ஒன்றுதான் கோட்டை நெருங்குகிறது. மற்ற இடங்களில் நல்ல நிலையில் பராமரிக்கப்பட்ட எந்த ரெகுலேட்டரும், பிஸ்டனோ டயாபிரமோ, உறையப் போவதில்லை. நடுங்குவது முக்குளிப்பாளர்தான், அவருடைய ரெகுலேட்டர் அல்ல. அந்தப் பயணங்களுக்குச் செலவிட வேண்டிய பணம் 5 அல்லது 7 மில்லிமீட்டர் வெட்சூட்டிலும் தலையுறையிலும் இருக்கிறது. குளிரில் நடுங்கும் உடல் காற்றை வேகமாகக் குடிக்கும் என்பதால், பாதுகாப்பும் அங்கேதான் இருக்கிறது. நண்பர்களின் சிரிப்பில் உள்ள நியாயம் இது.

கோட்டுக்குக் கீழே கிடக்கும் இடங்கள் வேறு வகை. ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில், பனிப்பாறை உருகி எரிமலைப் பாறைகளின் வழியே வடிந்து வந்த நன்னீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 பாகையில் நிற்கிறது, அதாவது இ.என். 250 சோதிக்கும் வெப்பநிலையின் விளிம்பிலும் அதற்குக் கீழும். அது நன்னீர் என்பதைக் கவனிக்க வேண்டும். கடல்நீர் உறைய ஏறத்தாழ −1.9 பாகை வேண்டும். நன்னீர் 0 பாகையிலேயே உறைகிறது. ஆகவே ஒரே வெப்பநிலையில் ஏரி, கடலை விட ரெகுலேட்டருக்கு ஆபத்தானது. ஜப்பானின் ஹொக்கைடோவில் ஷிரெதோக்கோ கரையோரம் மிதக்கும் பனிப்பாளங்களின் கீழ் முக்குளிக்கும் பருவமும் உண்டு. அங்கு உப்புநீரே உறைநிலையை ஒட்டி நிற்கிறது. இங்கெல்லாம் ட்ரைசூட் என்னும் நீர்புகா உடையில் பயிற்சியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் நீரில் இறங்குவது மடமை. அந்த வழிகாட்டிகளே, தங்கள் நீருக்கென்று தேர்ந்து சீரமைத்த ரெகுலேட்டர்களைப் பெரும்பாலும் தந்துவிடுகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறை சில்ஃப்ரா போவதற்காக இங்கே குளிர்நீர் ரெகுலேட்டர் வாங்கத் தேவையில்லை. கடைக்காரரின் காரணம் இந்த இடத்தில்தான் கவிழ்கிறது.

அப்படியானால் அவருடைய முடிவு மட்டும் எப்படிச் சரியாகும்? மூடிய அறை பனியை மட்டும் தடுப்பதில்லை. உப்பையும் மணலையும் சேற்றையும் தடுக்கிறது. நம் கடலில் ரெகுலேட்டரைக் கொல்வது இவைதான். செம்போர்னாவுக்கு அப்பால் மாபூலிலும் கப்பாலையிலும் மணற்பரப்பின் மேல் மூக்கு உரசுமளவு தாழ்ந்து சிறு உயிரினங்களைத் தேடும் முக்குளிப்பே புகழ்பெற்றது. ஒவ்வொரு துடுப்பசைவிலும் எழும் மென்மணல் திறந்த பிஸ்டனின் துளைகளுக்குள் சென்று தங்குகிறது. பினாங்குக்கும் லங்காவிக்கும் இடையிலுள்ள பாயார்த் தீவில் மலாக்கா நீரிணையின் கலங்கல் நீர். நாளுக்கு மூன்று முறை நீரில் இறங்கி, இடையில் ரெகுலேட்டரைப் படகின் வெயிலில் காயவிட்டு, ஐம்பது பேரின் கருவிகள் ஏற்கெனவே மூழ்கியெழுந்த தொட்டியில் ஒருமுறை அமுக்கியெடுத்து, மறுநாள் மீண்டும் அதையே செய்யும் ஒருவாரப் பயணத்தில், திறந்த அறைக்குள் உப்பு படிகமாகி, பிஸ்டன் தண்டின் ஓ-ரிங்கை, அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை, உரசத் தொடங்குகிறது. அதன் விளைவு அன்றே தெரியாது. சில மாதங்களில் இடை அழுத்தம் மெல்ல ஏறி, இரண்டாம் நிலை மேற்பரப்பிலேயே சிணுங்கும்போது தெரியும். நல்ல நீரில் நீண்ட நேரம் ஊறவைத்துக் கழுவுகிறவரின் பிஸ்டன் ரெகுலேட்டர் பல்லாண்டு உழைக்கும் என்பதை மறுக்கவில்லை. பயணத்தில் அப்படிக் கழுவ முடிவதில்லை என்பதுதான் சிக்கல். குளிருக்காகக் கண்டுபிடித்த கவசம் வெப்பக் கடலின் அழுக்கிலிருந்து காக்கிறது. அதற்காக அதை வாங்கலாம்.

சமநிலைப்படுத்தியது, படுத்தாதது என்ற இன்னொரு பிரிவும் விலைப்பட்டியலில் வரும். சமநிலைப்படுத்தாத எளிய பிஸ்டனில் தோம்பின் அழுத்தம் குறையக் குறைய இடை அழுத்தமும் தளர்ந்து, முக்குளிப்பின் கடைசியில் மூச்சிழுப்பது சற்று கனக்கும்; சமநிலைப்படுத்தியதில் 200 பாரிலும் 50 பாரிலும் ஒரே மாதிரி இருக்கும். பயிற்சிப் பள்ளிகள் முதல் வகையை வைத்திருப்பது அதன் உறுதிக்காகவும் மலிவுக்காகவும்தான். 18 மீட்டருக்குள் நிற்பவருக்கு அதில் குறையொன்றும் இல்லை.

இரண்டாம் நிலையில் வெப்பநிலையைப் பொறுத்து மாறுவது இரண்டு. ஒன்று, அதன் உடல். உலோக உடல் நீரிலிருந்து வெப்பத்தை வாங்கி உள்ளே தருவதால் குளிர்நீருக்கு உதவும். விட்ட மூச்சின் ஈரத்தையும் பிடித்து வைப்பதால் வாய் வறட்சி குறையும். பிளாஸ்டிக் உடல் இலேசு. வெப்பக் கடலுக்கு முழுக்கப் போதும். மற்றது அதன் முறுக்கம், அதாவது எவ்வளவு மெல்ல இழுத்தால் வால்வு திறக்கும் என்பது. கோலாலம்பூரின் பணிமனையில் வெப்ப நீரை மனத்தில் வைத்து, மெல்ல இழுத்தாலே திறக்குமளவு இலகுவாகச் சீரமைத்துத் தந்த இரண்டாம் நிலை, கேப் டவுனின் நீரில் காற்றைக் கொட்ட அதிகம் தயாராக இருக்கும். குளிர்ப் பயணத்துக்கு முன் இடை அழுத்தத்தை உற்பத்தியாளரின் வரம்பில் கீழ்ப்பக்கமாகவும் இரண்டாம் நிலையைச் சற்று இறுக்கமாகவும் வைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். ஆகையால், மூச்சிழுப்பின் இறுக்கத்தைக் கையால் திருகி மாற்றும் வசதியுள்ள வகை பலவகை நீருக்குப் போகிறவருக்குப் பொருத்தமானது. எந்த ரெகுலேட்டராக இருந்தாலும், குளிர்நீரில் இறங்குமுன் கரையின் குளிர்காற்றில் அதில் மூச்சுவிட்டுப் பார்ப்பதோ, காற்றைக் கையால் பாயவிடும் ஊதுபொத்தானை நீண்ட நேரம் அமுக்குவதோ கூடாது. உள்ளே புகும் மூச்சின் ஈரம் அங்கேயே உறையும்.

பயணத்துக்கு வருவோம். இங்கிருந்து பறக்கும் பெரும்பாலான விமானங்களின் சிக்கன வகுப்பில் கைப்பைக்கு 7 கிலோ. ரெகுலேட்டரைக் கைப்பையில் வைப்பவர்கள் செய்வது சரியே. சரக்கறையில் வீசியெறியப்படும் பெட்டிக்குள் உயிர்க்காற்றுக் கருவியை வைக்க யாருக்கும் மனம் வராது. முதல் நிலை, இரண்டு இரண்டாம் நிலைகள் (ஒன்று அவசரத்துக்கு), குழாய்கள், அழுத்தமானி எல்லாம் சேர்ந்து 2 முதல் 3 கிலோ. விளம்பரத்தில் "பயண ரெகுலேட்டர்" என்று வருபவை இதில் சில நூறு கிராம்களைக் குறைத்துத் தருகின்றன. அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சிறிய முதல் நிலையிலிருந்து வந்தால், குளிரை ஈடுகட்ட நீரைத் தொடும் உலோகப் பரப்பும் அதோடு குறைகிறது. டைட்டேனியத்திலிருந்து வந்தால், அது பித்தளையின் ஏறத்தாழ பாதி எடை, துருவும் இல்லை. ஆனால் டைட்டேனியம் வெப்பத்தைக் கடத்துவது பித்தளையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே. எனவே விலை மிகுந்த அந்த உலோகம் குளிர்நீரில் பின்தங்குகிறது. ஆக்சிஜன் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கலவைக்கும் அது ஆகாது. வெப்பக் கடலைத் தாண்டாத, பணத்தைப் பொருட்படுத்தாதவருக்கு டைட்டேனியம் அழகான தேர்வு. பலவகை நீரைத் தேடிப் போகிறவருக்கு குரோமியம் பூசிய பழைய பித்தளையே துணை.

எடையை விடப் பயணத்தில் அதிகம் படுத்துவது பூட்டுமுறை. யோக் முறையில் ரெகுலேட்டரின் வளையம் தோம்பின் வால்வைச் சுற்றிப் பிடித்துத் திருகால் இறுக்கப்படுகிறது. இதன் வரம்பு 232 பார். டின் முறையில் ரெகுலேட்டரே வால்வுக்குள் மரையாகத் திருகி ஏறுகிறது. இது 300 பார் வரை போகும். பால் டின்னுக்கும் இதற்கும் உறவில்லை. ஜெர்மனியின் தர நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம் அது. மலேசியா, இந்தோனேசியா, மாலத்தீவு ஆகிய இடங்களில் யோக் எங்கும் உண்டு; ஐரோப்பாவில் டின்தான் வழக்கம். யோக்கில் காற்றை அடைக்கும் ஓ-ரிங் தோம்பின் வால்வில் இருக்கிறது. அதாவது நம் முக்குளிப்பின் பாதுகாப்பு, வாடகைத் தோம்பில் யாரோ எப்போதோ மாற்றிய ரப்பர் வளையத்தைச் சார்ந்திருக்கிறது. படகில் தோம்பைத் திறந்ததும் "ஸ்ஸ்" என்று கசியும் ஓசை பெர்ஹெந்தியான் பயணங்களில் கேட்காத நாள் குறைவு. டின்னில் அந்த ஓ-ரிங் நம் ரெகுலேட்டரிலேயே, மரைக்குள் சிறைப்பட்டு இருக்கிறது; நாமே மாற்றலாம், பிதுங்கி வெளியேறாது. யோக் தலையைவிட ஏறத்தாழ 200 கிராம் எடையும் குறைவு. ஆகவே டின் ரெகுலேட்டரை வாங்கி, யோக் வால்வுகளுக்கென ஓர் இணைப்பியை வைத்துக்கொள்வதையே பரிந்துரைப்பேன். இணைப்பியைப் பூட்டினால் முதல் நிலை சற்று பின்னுக்குத் தள்ளி நின்று தலையின் பின்புறம் இடிக்கும், அது ஒரு தொல்லை. நடுவிலுள்ள செருகைக் கழற்றினால் டின்னாக மாறும் வால்வுகள் பல தீவுகளில் வந்துவிட்டன, அங்கே இணைப்பியும் வேண்டாம், ஓர் ஆலன் சாவி போதும்.

குழாய்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நெசவு உறையிட்ட மெல்லிய குழாய்கள் ரப்பரை விட இலேசாகவும் சுருட்டி மடிக்க எளிதாகவும் இருப்பதால் பயணிகள் அவற்றை விரும்புகிறார்கள். அவற்றில் சிலவற்றின் உட்சுவரான பாலியூரித்தேன், வெப்பத்திலும் ஈரத்திலும் நாட்பட்டு மஞ்சள் நிறப் படிகங்களாக உதிர்ந்து காற்றுவழியை அடைத்த நிகழ்வுகளை டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பு எடுத்துக்காட்டியிருக்கிறது. ரெகுலேட்டரின் மற்றப் பழுதுகள் காற்றைக் கொட்டும்; இந்தப் பழுது மூச்சை அடைக்கும். வெளியே நெசவு புதிதுபோல் மின்னிக்கொண்டிருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. ஞாயிறு இரவு தீவிலிருந்து திரும்பி, ஈரப்பையை வெள்ளிக்கிழமை வரை காரின் பின்பெட்டியில் வேகவைக்கும் பழக்கமுள்ளவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) ரப்பர் குழாயோடு இருப்பதே நல்லது. நெசவுக் குழாய்தான் வேண்டுமென்றால் தயாரிப்பு ஆண்டைப் பார்த்து, பராமரிப்பின்போது கழற்றி உள்ளே ஒளியடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு மாதிரிகளுக்கு இடையே மனம் ஊசலாடினால், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கிறது என்பதே துலாக்கோலின் முள்ளாகட்டும். நான் முதலில் வாங்கியது வெளிநாட்டில் தள்ளுபடிக்குக் கிடைத்த, கையில் எடுத்தால் இறகுபோல் இருந்த ஒன்று. முதல் பராமரிப்புக்கே அதன் பாகங்கள் இங்கே எவரிடமும் இல்லாமல் மூன்று மாதம் மேசையறையில் கிடந்தது. அந்தப் பருவம் முழுவதும் வாடகை ரெகுலேட்டரோடு கழிந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 100 முக்குளிப்புகளுக்கு ஒருமுறை பிரித்துச் சீரமைப்பது நீண்டகால வழக்கம்; சில உற்பத்தியாளர்கள் இப்போது இரண்டு ஆண்டுகள் வரை இடைவெளி தருகிறார்கள். எதுவானாலும், பிரித்துப் பூட்டியவருக்கு அந்த நிறுவனத்தின் பயிற்சியும் அசல் பாகங்களும் இருக்க வேண்டும். வாங்குமுன் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ அதைப் பழுதுபார்க்கிறவர் யார், எத்தனை நாளாகும், பாகங்கள் கைவசம் உண்டா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட வேண்டும். பயணத்துக்கு முந்தைய வாரம் பராமரிப்புக்குக் கொடுத்து வாங்கி நேரே விமானம் ஏறுவது நல்ல பழக்கம் போலத் தோன்றும். உண்மையில் அது சூதாட்டம். புதிதாகப் பொருத்திய பாகங்கள் தங்கள் இடத்தில் அமர்வதற்குச் சில மணி நேரப் பயன்பாடு வேண்டும், பூட்டியதில் பிழை இருந்தாலும் அப்போதுதான் வெளிப்படும். குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்கி, நீச்சல்குளத்திலோ அருகிலுள்ள தீவிலோ ஓரிரு முறை பயன்படுத்திய பிறகே தொலைதூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இடை அழுத்தத்தைக் காட்டும் சிறிய மானி ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்வது வீண்செலவல்ல: பூட்டித் தோம்பைத் திறந்துவிட்டு முள்ளைப் பார்த்தால், ஓரிடத்தில் நிலைத்து நிற்கிறதா, மெல்ல ஊர்ந்து ஏறுகிறதா என்று தெரிந்துவிடும், ஊர்ந்தால் அந்த ரெகுலேட்டர் விமானம் ஏறக் கூடாது.

ஆண்டுக்கு மூன்று நாள் பெர்ஹெந்தியானுக்கு மட்டும் போகிறவர் இவை எதையும் வாங்க வேண்டியதில்லை. நல்ல மையத்தில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சொந்த வாய்க்கவ்வியை மட்டும் பையில் வைத்துக்கொண்டால் போதும். ஆண்டுக்கு இருபது முப்பது முறை இறங்குகிறவருக்கு, இதுவரை சொன்னவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரே உருவம்: மூடிய, சமநிலைப்படுத்திய டயாபிரம், பித்தளை, டின் தலை, முறுக்கத்தைத் திருகி மாற்றும் இரண்டாம் நிலை, உள்ளூரில் பாகங்கள். அது இருப்பதிலேயே இலேசானதாக இருக்காது. கூடுதலாகும் அரைக் கிலோவைச் சமாளிக்க ஜீன்ஸை அணிந்துகொண்டே விமானம் ஏறலாம். யோக் இணைப்பி, யோக் வால்வுக்கான 014 எண் ஓ-ரிங் நாலைந்து, வாய்க்கவ்வியைக் கட்டும் நைலான் பட்டை இரண்டு ஆகியவை சட்டைப்பையில் அடங்கிவிடும்.